கேசட்டின் மீதிப் பாதி

காரைக்காலில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திப் பிழைத்தவன் நான். தெட்சிணாமூர்த்தி என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘கோவக்கார சார்’ என்று கேட்டால் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விடுவார்கள். விரலைத் தப்பாக வைக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் தலைக்கு ஏறிவிடும். என் கத்தலைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அத்தனை வருஷம் என்னோடு வேலை பார்த்த ஒரே ஆள் ஆரோக்கியசெல்வி. எழுபத்தெட்டில் லோயர் பரீட்சைக்குப் படிக்க வந்தவள், ஹையரும் முடித்துவிட்டு, அங்கேயே சொல்லிக்கொடுக்க நின்றுவிட்டாள். நான் ஆரம்பித்தால், “சார், நீங்க கத்துனா ரிப்பன் புதுசாயிடுமா?” என்பாள். அதற்கு மேல் மனுஷன் எப்படிக் கத்துவது?

அவள் வீடு மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அப்பா காலமாகி வெகு நாளாயிற்று. அம்மா சகாயம்மாள். அக்கா ஞானமேரிக்குப் பிரான்ஸ் மாப்பிள்ளை அமைந்து, கல்யாணமான கையோடு பாரிஸ் பக்கம் போய்விட்டாள். எங்கள் ஊரில் இது அதிசயம் இல்லை. தெருவுக்கு நாலு வீட்டில் பாதி ஜனம் அங்கே, பாதி ஜனம் இங்கே. செல்விக்குக் கீழே ஒரு தம்பி, சூசைமுத்து. சின்ன வயதில் மூளைக்காய்ச்சல் வந்து காது போய்விட்டது. காது போனதால் பேச்சும் வரவில்லை.

அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துப் பார்த்தார்கள். பெயர் கூப்பிட்டால் பதில் சொல்லவில்லை என்று அங்கே ஒரு வாத்தியார் சிலேட்டின் மரச்சட்டத்தாலேயே விரல் முட்டியில் அடித்திருக்கிறார். காது கேட்காத பிள்ளை எப்படி ‘உள்ளேன் ஐயா’ சொல்லும்? அந்த ஆள் என் கையில் கிடைத்திருந்தால் என் பட்டப்பெயருக்குத் தகுந்தபடி நடந்திருப்பேன். அன்றையிலிருந்து சிலேட்டு, பென்சில், நோட்டு எதைக் கண்டாலும் சூசை பிடுங்கி உடைப்பான், இல்லையென்றால் கிழிப்பான். மீசை முளைத்து, ஐஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போன பிறகும் அப்படித்தான். கிளிஞ்சல்மேட்டுப் படகுகளுக்குப் பாளம் பாளமாக ஐஸ் இறக்குவான். நல்ல உழைப்பாளி. ஆனால் ஆனா ஆவன்னா தெரியாது.

அவனோடு பேசத் தெரிந்த ஒரே ஜீவன் அவன் அம்மாதான். இரண்டு பேரும் தாங்களே ஒரு கை ஜாடை உண்டாக்கி வைத்திருந்தார்கள். பின்னலை இழுக்கிற மாதிரி காட்டினால் செல்வி. கையை ஆகாயத்தில் பறக்க விட்டால் ஞானமேரி. மீசையை முறுக்கிக் கண்ணை உருட்டினால் அது நான். நேற்று, நாளைக்கு, கடவுள், கஞ்சன் எல்லாவற்றுக்கும் ஜாடை உண்டு. சகாயம்மாள் சத்தமாகப் பேசிக்கொண்டேதான் ஜாடை காட்டுவார். அவன் ஒரு கையை அவர் தொண்டையில் வைத்துக்கொள்வான். அதிர்வு பலமாக இருந்தால் அம்மாவுக்குக் கோபம் என்று அவனுக்குத் தெரியும். செல்விக்கு அந்த ஜாடையில் கால்வாசிதான் பிடிபட்டது.

சகாயம்மாளுக்கு நெஞ்சு வலி வர ஆரம்பித்ததிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

“நான் போயிட்டா இவன்கிட்ட யாரு சாரு பேசுவா?”

எண்பத்தாறில்தான் செல்விக்கு அதற்கு ஒரு வழி தென்பட்டது.

அந்த வருஷம் கோடையில் ஞானமேரியின் புருஷன் லீவில் வந்தபோது ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். ஆபீசில் வைக்கிற பெரிய சாமான் இல்லை. அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் பழகுவதற்கென்று விற்ற சின்னப் பெட்டி. டிவியில் இணைக்க வேண்டும், எழுதியதைக் கேசட்டில் பதிந்துகொள்ள வேண்டும். அவர் மகனுக்கு அலுத்துவிட்டதாம், அதனால் சென்ட் பாட்டில், சாக்லேட்டோடு இதையும் கொண்டுவந்து இறக்கினார். மெக்கானிக் மன்சூர் அலி டிவியின் வயிற்றைப் பிளந்து என்னவோ கம்பி கொடுத்துப் படம் வரவைத்தார்.

நான் போய்ப் பார்த்தேன். பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அது பிரெஞ்சுக்காரன் விசைப்பலகை. ஏ இருக்க வேண்டிய இடத்தில் க்யூ, இசட் இருக்க வேண்டிய இடத்தில் டபிள்யூ.

“ஹையர் பாஸ் பண்ணின விரலுக்கு இது துரோகம்மா,” என்றேன்.

“விரல் பழகிக்கும் சார். நீங்கதான் பழக மாட்டீங்க,” என்றாள்.

பேசிக் என்ற பாஷை அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. பழைய பாஷைதான், ஆனால் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கென்றே எளிதாகச் செய்தது என்று சொன்னாள். கூட வந்த புத்தகம் பிரெஞ்சில் இருந்தது. செல்வி கன்னியர் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் பிரெஞ்சு படித்தவள். தட்டுத் தடுமாறிப் படித்து, மழைக்காலம் வருவதற்குள் அந்தப் பெட்டியைத் தன் வழிக்குக் கொண்டுவந்துவிட்டாள். அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை உதித்தது. சூசைக்குச் சிலேட்டு ஆகாது, ஆனால் டிவி என்றால் உயிர். இலங்கை டிவி ரூபவாகினியில் சிங்களச் செய்தி வாசித்தால்கூட அசையாமல் பார்ப்பான். அவனுக்குத் தமிழும் சிங்களமும் ஒன்றுதானே. எழுத்தையும் டிவியிலேயே காட்டினால் என்ன? அவன் வாசிக்கப் பழகிவிட்டால் அம்மா இல்லாத காலத்திலும் அவனோடு பேசலாமே.

மெஷினுக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக வைத்து வரையச் சொல்ல வேண்டும். செல்வி கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி கட்டம் போட்டு எழுத்துகளை வரைந்தாள். இன்ஸ்டிட்யூட்டில் பிள்ளைகள் தப்பாக அடித்துப் போட்ட தாள்களின் பின்பக்கமெல்லாம் அவளுடைய புள்ளிகள்தான். முதலில் மூன்று சொல். அம்மா, சூசை, சோறு. பக்கத்தில் ஒரு படம்.

வந்தது. ஆனால் நத்தை மாதிரி வந்தது. புள்ளி ஒவ்வொன்றாகத் திரையில் விழும். ‘அம்மா’ முடிகிற வரைக்கும் தம்பி பொறுத்தான். ‘சூசை’க்கு நெளிந்தான். ‘சோறு’ வரும்போது, முன்னால் நிற்கிற அந்த இரட்டைச் சுழிக் கொம்பு முடிவதற்குள் எழுந்து போய் ரூபவாகினி வைத்துவிட்டான். மறுநாளும் அதே கதை. ஒருநாள் டிவியின் தலையில் ஓங்கி ஒரு அடியும் விழுந்தது. மூன்று சொல்லைத் தாண்டி அவர்களால் போக முடியவில்லை.

“ஏம்மா இவ்ளோ மெதுவா வருது?” என்று கேட்டேன்.

“நம்ம கோர்ட்ல பிரெஞ்சுக்காரன் காலத்துல பாஷை மாத்திச் சொல்ல துபாஷி நிப்பாருன்னு சொல்வீங்கள்ல சார், அது மாதிரிதான். நான் ஒரு வரி எழுதுறேன். உள்ள இருக்குற துபாஷி அத மெஷின் பாஷையில மாத்திச் சொல்லுது. மெஷின் ஒரு புள்ளி வைக்குது. அடுத்த புள்ளிக்கு அதே வரிய மறுபடியும் மொதல்லேர்ந்து மாத்துது. ஞாபகமே வச்சிக்காது.”

“மொத்தத்தையும் ஒரேயடியா மாத்திக் குடுத்துட்டா?”

“அப்படி மாத்திக் குடுக்குறதுக்குப் பேருதான் கம்பைலர். அது இந்தப் பெட்டியில இல்ல. தனியா வாங்கணும்.”

அப்படித்தான் நாங்கள் கம்பைலர் தேட ஆரம்பித்தோம். அவள் மெட்ராசுக்கும் பெங்களூருக்கும் கடிதம் போட்டாள். ரிப்பன் வாங்க மெட்ராஸ் போனபோது நான் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடையில் அந்த மெஷின் பெயரையே கேள்விப்பட்டதில்லை என்றார்கள். இன்னொரு கடையில் பெரிய மெஷின்களுக்கு உண்டு என்று ஒரு விலை சொன்னான். அதில் எனக்கு நாலு புது டைப்ரைட்டர் வரும். அதுவும் எங்கள் பெட்டிக்குப் பொருந்தாதாம். பக்கத்தில் நின்ற படித்த மனிதர் ஒருவர், “பேசிக்கா? அது சின்னப் பிள்ளைங்க பாஷையாச்சே” என்று சிரித்தார். சின்னப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கத்தான் ஐயா கேட்கிறோம் என்று கத்திவிட்டு வெளியே வந்தேன். கத்தி என்ன பிரயோஜனம்? வெறும் ரிப்பனோடு ஊர் திரும்பினேன்.

கடைசியில் செல்வி அக்காவுக்கே எழுதினாள். அக்கா புருஷன் விசாரித்து, அங்கே ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அந்த மெஷினுக்கான கம்பைலரைக் கேசட்டில் வைத்திருக்கிறார், தனக்கு இனி வேண்டாம் என்று கொஞ்ச விலைக்குத் தருகிறார் என்று பதில் போட்டார். மஸ்தான் சாகிப் தர்கா கந்தூரி விழாவுக்கு அங்கிருந்து ஊருக்கு வருகிற சேக் அலாவுதீன் பாயிடம் கொடுத்து அனுப்புவதாகவும் எழுதியிருந்தார். அன்றைக்கு செல்வி எல்லாப் பிள்ளைகளுக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். எனக்கும் ஒன்று.

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரான்ஸில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில், எழுத வராத தாய்மார்கள் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். அங்கிருந்தும் கேசட்டில்தான் பதில் வரும். வந்ததைக் கேட்டு அழுது முடித்ததும், அதே கேசட்டில் அதன்மேலேயே பதில் பேசி, கொண்டுவந்தவர் திரும்பிப் போகும்போது கையில் கொடுத்துவிட வேண்டும். பதிய முடியாதபடி கேசட்டின் முதுகுத் துளை திறந்திருந்தால் காகிதத்தை மடித்துச் செருகினால் போதும். இது தெரியாத தாய் எங்கள் ஊரில் கிடையாது.

அலாவுதீன் பாய் ஊருக்கு வந்தால் சைக்கிளில் வீடு வீடாகப் போய்த் தானே சாமான் கொடுப்பார். அன்றைக்கு இன்ஸ்டிட்யூட் வாசலில் சைக்கிளை நிறுத்தி, “அம்மா கையில குடுத்துட்டேன்மா செல்வி, காலையிலயே” என்றார். செல்வி என் முகத்தைப் பார்த்தாள். வகுப்பை அப்படியே விட்டுவிட்டு இரண்டு பேரும் கிளம்பினோம். வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். இனிமேல் எழுத்து பொட்டென்று வந்து விழும், சூசைக்கு மீன், படகு, கடல் எல்லாம் சொல்லிக்கொடுத்துவிடலாம், வருஷம் திரும்புவதற்குள் அவன் பேப்பர் வாசிப்பான் என்றாள்.

வீட்டில் சகாயம்மாள் மகிழ்ச்சியாக இருந்தார். சாக்லேட்டை என் கையில் திணித்தார்.

“ஞானம் கேசட்டு அனுப்பியிருந்தாடி. என்னமோ கோளாறு. கிய்யா கிய்யான்னு கத்துது, அவ பேச்சே வரல. ஏரோப்ளேன்ல வரப்ப கெட்டுப்போச்சு போல. பாயி கெளம்புறதுக்குள்ள குடுக்கணுமேன்னு நானே பதில் பேசி வச்சிட்டேன்.”

செல்வி, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த அந்த டூ-இன்-ஒன்னில் இருந்து கேசட்டை எடுத்துப் பார்த்தாள். முதுகுத் துளையில் காகிதம் மடித்துச் செருகியிருந்தது. அதை மெஷினோடு வந்த ரெக்கார்டரில் போட்டு, விசைகளைத் தட்டி, டிவி முன்னால் உட்கார்ந்தாள். மெஷின் வெகுநேரம் தேடியது. பிறகு பிழை என்று பிரெஞ்சில் சொன்னது. மறுபடி போட்டாள். மறுபடியும் அதையே சொன்னது. அந்தக் கம்பைலர் இரண்டு பகுதியாக இருந்தது. முதல் பகுதி ஏறினால்தான் இரண்டாவதை அழைக்கும். சகாயம்மாள் பேச்சு முதல் பகுதியின்மேல் உட்கார்ந்துவிட்டது.

மெஷினுக்குச் சாமான் வருகிறது என்று செல்வி வீட்டில் சொல்லித்தான் வைத்திருந்தாள். சாமான் என்றால் ஒரு பெட்டி, ஒரு கம்பி இருக்கும் என்று அந்த அம்மா நினைத்திருந்தார். கேசட் என்றால் அவருக்கு மகள் குரல்தான். இதில் யாரைக் குற்றம் சொல்வது? ஆனால் செல்வி அன்றைக்குச் சொன்னாள். எட்டொன்பது வருஷம் என் கத்தலைக் கேட்டுச் சிரித்தவள், அன்றைக்கு நான் கத்துவதைவிட மோசமாகக் கத்தினாள்.

“நீ செத்தா அவன்கிட்ட யாரும்மா பேசுவா? அதுக்குத்தானே இது! அதப் போயி அழிச்சிட்டியே!”

சகாயம்மாளுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சூசை இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஓடி வந்து அம்மா தொண்டையில் கையை வைத்தான். அங்கே அதிர்வு ஒன்றும் இல்லை.

“அழுவாதடி,” என்றார் அந்த அம்மா, முந்தானையை எடுத்துவிட்டு. “வேற வரட்டும். அதுவரைக்கும் நான் சாவாம இருந்துக்குறேன்.”

வேறு வரவில்லை. அந்த வாத்தியாரிடம் இருந்தது அந்த ஒன்றுதான். அந்த மெஷினைச் செய்வதையே அங்கே நிறுத்தப் போகிறார்கள், கடைகளில் அதற்கு ஒன்றும் கிடைப்பதில்லை என்று அக்கா புருஷன் எழுதினார். செல்வி பாயிடம் அந்தக் கேசட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஏதாவது மீட்க முடியுமா என்று மன்சூர் அலியிடம் காட்டினாள். “அழிஞ்சது அழிஞ்சதுதான்மா” என்றுவிட்டார். அதை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். அம்மாவிடம் அவள் மன்னிப்புக் கேட்டாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். கேட்டிருந்தால் பின்னால் அப்படி உருகிப்போயிருக்க மாட்டாள்.

எண்பத்தெட்டில், தவக்காலம் நடக்கும்போது, சகாயம்மாள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்ற அவரால் முடியவில்லை. சவப்பெட்டியில் கிடத்தியிருந்தபோது சூசை போய் அவர் தொண்டையில் கையை வைத்தான். எடுக்கவே இல்லை. மூடுவதற்கு நேரமாயிற்று என்று சொன்னவர்களிடம் நான் சண்டைக்குப் போனேன். கடைசியில் நான்தான் அந்தக் கையை எடுக்கவேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு சூசை ஐஸ் கம்பெனிக்குப் போகவில்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை. செல்வி தெரிந்த ஜாடையெல்லாம் காட்டுவாள், அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அம்மா கை காட்டுவதைக் கற்றுக்கொண்டவனுக்கு அவள் கை கொச்சையாகத் தெரிந்திருக்கும். நான் மீசையை முறுக்கிக் காட்டினேன். முன்பெல்லாம் சிரிப்பான். இப்போது பார்த்துக்கொண்டே இருந்தான்.

செல்வியை வேலைக்குத் திரும்பக் கூப்பிடலாம் என்று ஒரு சாயங்காலம் போனேன். அலமாரியைத் துழாவி அந்தக் கேசட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “ஒரு தடவகூட நான் இத முழுசா கேக்கல சார்” என்று சொல்லி டூ-இன்-ஒன்னில் போட்டாள்.

“ஞானம், நல்லா இருக்கியாடி? நீ பேசுனது ஒன்னும் விளங்கல. இங்க எல்லாரும் சௌக்கியம். போலகத்துல சித்தப்பா வீட்டுப் பசு கன்னு போட்டுருக்கு. நண்டு மலிஞ்சு கெடக்கு, நீதான் இல்ல. செல்வி அந்தப் பொட்டியே கதின்னு கெடக்குறா. சூசைக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்கப் போறாளாம். குடுத்துருவா. அவ புடிச்சா புடிதான், உன்ன மாதிரி இல்ல…”

செல்வி வாயில் கையை வைத்துக்கொண்டு அழுதாள். சூசை மூலையில் படுத்திருந்தவன் எழுந்து வந்தான். சுற்றுகிற சக்கரத்தைப் பார்த்தான், அக்கா முகத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கையை நீட்டி ஸ்பீக்கரின் மேல் வைத்தான். அவன் கண் விரிந்ததை நான் பார்த்தேன். அந்த அதிர்வை அவன் கை அறியும். தலை மேல் முக்காடு இழுத்துவிடுகிற மாதிரி காட்டினான். அது அம்மாவுக்கு அவன் ஜாடை. செல்வி ஆமாம் என்று தலையாட்டினாள். என்ன சொல்கிறார் என்று கேட்டான்.

அதற்கு அவளிடம் ஜாடை இல்லை. பசு கன்று போட்டதை எப்படியோ காட்டினாள். நண்டைக் காட்டினாள். அதற்குள் சகாயம்மாள் பேச்சு முடிந்து, டப்பென்று ஒரு சத்தம் வந்தது. அதன்பின் கம்பைலரின் மீதிப் பாதி ஆரம்பித்தது. காது கூசுகிற கிறீச்சல். நிறுத்தப் போன செல்வியின் கையைச் சூசை பிடித்துக்கொண்டான். ஸ்பீக்கர் முன்னைவிடப் பலமாக அதிர்ந்தது. அவன் முகம் சுருங்கிப்போயிற்று. புருவத்தை நெரித்து, நெஞ்சில் குத்திக் காட்டிக் கேட்டான். அம்மாவுக்கு என்மேல் கோபமா?

செல்வி என்னைப் பார்த்தாள். அம்மா கத்தவில்லை, சொல்கிறார் என்று எழுத்தில் காட்டிவிடலாம் என அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். எழுந்து போய் டிவியையும் அந்தப் பெட்டியையும் போட்டாள். தூசியைக்கூடத் துடைக்கவில்லை. பழைய கேசட்டிலிருந்து தன் எழுத்துகளை ஏற்றி, விசைகளைத் தட்டினாள். சூசை ஒரு கையை ஸ்பீக்கரில் வைத்தபடியே திரும்பித் திரையைப் பார்த்தான்.

புள்ளிகள் விழுந்தன. அதே நத்தை வேகம்தான். ‘அம்மா’ வந்தது. ‘சூசை’ வந்தது. அவன் நெளியவில்லை. இரட்டைச் சுழிக் கொம்பின் முதல் சுழி வந்தது, இரண்டாவது வந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. சகரம் வந்தது, கால் வந்தது. எனக்கே பொறுக்கவில்லை, மெஷினை உலுக்கலாம் போலிருந்தது. றகரத்தின் கடைசி வால் கீழே இறங்கி நிற்கிறவரைக்கும் அவன் கண்ணை எடுக்காமல் இருந்தான். அம்மா பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து போகிறவன் இல்லை அவன்.

மூன்று சொல்லையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். அம்மா. சூசை. சோறு. முகத்தில் இருந்த பயம் மெதுவாகப் போயிற்று. எழுந்து சமையலறைக்குள் போய், தட்டை எடுத்து வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

செல்வி போய்ச் சோறு போட்டாள். இந்தப் பக்கம் கிறீச்சல் தீர்ந்து, கேசட் முடிந்து, பட்டன் தானாக எழும்பியது. சூசை சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு நேராக டூ-இன்-ஒன்னிடம் வந்து, அதன் மேல் கையை வைத்தான். அசையாமல் இருந்தது. அக்காவைத் திரும்பிப் பார்த்து, மறுபடி ஓட விடு என்று கையைச் சுற்றிக் காட்டினான்.

செல்வி கேசட்டை மீதிப் பாதிக்கே சுற்றி வைத்து, மறுபடி போட்டுவிட்டு, அடுத்த சொல்லுக்குப் புள்ளி எண்ண உட்கார்ந்தாள்.